மூலைக் குழாயில் அடித்த ஆணி

கலாமணி தைத்துக்கொண்டிருந்த தையல் மிஷினின் மேசைப் பலகையைச் சென்னியப்பன் ரம்பத்துக்குக் கொடுத்த அன்று, எழும்பிய தூள் கீழே விழாமல், மறந்த எதையோ நினைத்துக்கொண்டது போலக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு கொட்டகையின் மூலைக்கு மெல்ல நகர்ந்து, அங்கே குனிந்த கழுத்தும் இறங்கிய தோளும் முடிந்த கொண்டையுமாக ஒரு பெண்பிள்ளையாய்க் கூடி, இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத பெடலை மிதிக்க ஆரம்பித்தது. சென்னியப்பன் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தான். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அது அவள்தான். செத்து, எரித்து, பேரூர் ஆற்றில் கரைத்து, வருஷத் திதியும் கொடுத்து முடித்த அவனுடைய முதல் பெண்டாட்டி கலாமணி.

“வந்துட்டயா அம்மிணி,” என்றான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். “மரகதம், ஒரு சொம்புத் தண்ணி கொண்டா. ஆள் வந்திருக்குது.”

அவன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த மரகதம் சொம்போடு வந்து, மூலையைப் பார்த்து, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்கக்கா,” என்றாள். கைக்கெட்டும் தூரத்தில் சொம்பை வைத்தாள். மசாலா டப்பா வைக்க ஒரு தட்டு வேண்டுமென்று அந்தப் பலகையைக் கேட்டவளே அவள்தான். தட்டு வேண்டாமென்று அப்போது அவளும் சொல்லவில்லை. மூலையில் ஆளை உட்கார வைத்துக்கொண்டு பலகையைப் பாதியில் விடுவது மரியாதையில்லை என்று அவனும் மீதியை அறுத்து முடித்தான். அந்த மீதியின் தூளும் போய் அவளோடு சேர்ந்து, அவளுக்குக் காது மடலும் கால் விரல்களும் வந்தன.

இருகூரில் ரங்கநாயகியம்மாவின் லைன் வீடுகள் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. நடுவில் சந்து, சந்துக்கு நடுவில் ஒரு குழாய், குழாயடியில் துவைகல், துவைகல்லுக்கு மேலே வீட்டுக்கு வீடு குறுக்கே ஓடும் துணிக் கொடிகள். கடைசி வீடு சென்னியப்பனுடையது. அதன் பின்சுவரோடு ஒட்டி, முன்பு ஆடு கட்டியிருந்த தகரக் கொட்டகையைத்தான் மரவேலைக்கு வைத்திருந்தான். மில்லில் அவன் ராத்திரி ஷிப்ட். பஞ்சுத் தூசியை உறிஞ்சும் பெரிய குழாய்களைப் பார்த்துக்கொள்வது உத்தியோகம். பகலில் தூக்கம் வராது. தூக்கம் வராத பகல்களை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியாமல், யாரிடமும் கேட்காமல், கையைக் கிழித்துக்கொண்டும் கட்டை விரல் நகத்தைக் கறுக்க வைத்துக்கொண்டும், அறுக்கவும் இழைக்கவும் தானே பழகியவன்.

லைன் வீட்டுக்காரர்கள் கலாமணி வந்ததைப் புதிதாகக் குடிவந்த ஆளை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொண்டார்கள். முதலில் வந்து பார்த்தது ரங்கநாயகியம்மா. வீட்டுக்காரி, வாசலில் மாவாட்டி விற்பவள், இடுப்பில் சாவிக்கொத்தும் வாயில் வெற்றிலையும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

“ஆளு கூடுச்சுன்னா முன்னாடியே சொல்லோணும் சென்னியப்பா. குழாய்த் தண்ணிக்கு மொறை வெக்கறதா இல்லையா?”

“பழைய ஆளுதானுங்கம்மா.”

ரங்கநாயகியம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். “ஆமா, நம்ம கலாமணி. பழைய ஆளுன்னா சரி,” என்று சொல்லிவிட்டு, வெற்றிலைச் சாற்றை வெளியே போய்த் துப்பினாள். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைக்குள் யாரும் செருப்போடு போகவில்லை. யாரும் தும்மவில்லை. தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு துவைகல் வரைக்கும் ஓடி, அங்கே நின்று தும்மிவிட்டு, விட்ட பேச்சைத் தொடரத் திரும்பி வந்தார்கள். குடும்பக் கணக்கெடுக்க வந்தவர் இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, “சாப்பிடறது ரெண்டு, உக்காந்திருக்கறது ஒண்ணு,” என்று ரங்கநாயகியம்மாவே பதில் சொன்னாள். அவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டு போனார். மாகாளியம்மன் கோயில் பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் ரொம்ப நேரம் நின்று பார்த்து, “தொந்தரவு பண்ணுதா?” என்று கேட்டார். இல்லை என்றார்கள். “அப்ப என்னைய எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டு மோர் குடித்துப் போய்விட்டார்.

எதற்காக வந்தாள் என்று கேட்டவர்கள் கம்மி. பெண்கள் அவளுக்குத் தெரியாமல் போன சேதிகளையெல்லாம் கொண்டுவந்து சொன்னார்கள்: யார் வீட்டில் வளைகாப்பு, யார் திருப்பூருக்குக் குடிபோனது, யாருடைய மாமியார் ஒருவழியாகக் கண்ணை மூடியது. அவள் நிமிர மாட்டாள். உயிரோடிருந்தபோதும் அப்படித்தான், திருப்பூர் கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட்டில் தைத்தவள், பேச்சுக்குத் தலையை மட்டும் ஆட்டுவாள், கை நிற்காது. இப்போதும் கை நிற்கவில்லை. இடது கை துணியைத் தள்ளுவது போலத் தள்ளும், வலது கை வாங்குவது போல வாங்கும், கால் சத்தமில்லாமல் மிதிக்கும். கைகளுக்கு நடுவில் துணி மட்டும் இல்லை. அதை எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று இறங்கியபோதுதான் லைனுக்கே பயம் பிடித்தது. தகரத்தைத் தூக்கும் காற்று. தூளைச் சும்மா விடுமா? லாரித் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து கொட்டகையைச் சுற்றிக் கட்டினார்கள். கட்ட முடியாத பக்கத்தில் ஆம்பிளைகளும் பொம்பிளைகளும் மாற்றி மாற்றிப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மழையில் சாமியைக் காப்பது போல. அப்படியும் அவளுடைய முழங்கையில் கொஞ்சம், கன்னத்தில் கொஞ்சம் கரைந்துதான் போயிற்று. ஆனால் சென்னியப்பன் அடுத்து எந்த மரத்தை அறுத்தாலும் அந்தத் தூளில் ஒரு பங்கு நகர்ந்து போய்க் கரைந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. தோளில் தேக்கு, முழங்கையில் வேம்பு, கன்னத்தில் பூவரசு என்று கலாமணி பல நிறமானாள். அதைக் கண்டுகொண்ட பிறகு சென்னியப்பன் தூங்க முயல்வதையே விட்டான். தேவையில்லாத பெட்டிகளைச் செய்தான். யாரும் கேட்காத முக்காலிகளைச் செய்தான். லைன் வீட்டில் ஆளுக்கொரு முக்காலி ஆயிற்று.

மரகதத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது அந்த முக்காலிகளின் காலத்தில்தான்.

அவள் நெஞ்சு ஏற்கெனவே பழுதான நெஞ்சு. கல்யாணத்துக்கு முன் மில்லில், பஞ்சு பிரிக்கிற பகுதியில் நின்றவள். திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் விடும் என்பதை வாரத்தின் இயல்பாகவே நினைத்திருந்தவள். இப்போது எல்லா நாளும் திங்கட்கிழமையாக ஆகிவிட்டது. ஆனால் மத்தியானமானால் அரிசியையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்க் கலாமணிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். “அக்கா, உங்க ஊட்டுக்காரரு இன்னைக்கி ரசத்துல உப்பில்லைன்னாரு. உங்களையும் இப்படித்தான் சொல்லுவாரா?” என்று கேட்பாள். குழந்தை இல்லாத வீட்டில், மச்சினி இல்லாத, மாமியார் இல்லாத வீட்டில், பகல் முழுக்கப் பேச அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள் அதுதான்.

சென்னியப்பனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து காலையில் வந்ததும், தூங்குகிற மரகதத்தின் மூக்குக்கு நேரே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். கலாமணி அவன் ஷிப்டில் இருந்தபோது தூக்கத்திலேயே போனவள். அன்று காலையில் வந்து, அசந்து தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று நினைத்து, தானே டீ வைத்துக் குடித்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பரும் படித்து முடித்தவன் அவன். அதற்குப் பிறகு அவன் கை யாரையும் நம்பவில்லை. மரகதத்தின் மூச்சு உள்ளங்கையில் பட்ட பிறகுதான் சட்டையைக் கழற்றுவான்.

ஒரு காலையில் அப்படி வைத்த கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, ரேகைகளில் மெல்லிய தூள் படிந்திருந்தது. மரகதம் அதை மூச்சாக விட்டிருந்தாள். தேய்த்துப் பார்த்தான். தேக்கு.

“மிஷின் வெச்சுடறன்,” என்றான் அவள் எழுந்ததும். “மில்லுல வெக்கறாப்பல. தூளை உறிஞ்சற மிஷின்.”

“பெரியவங்களை ஊட்டுல வெச்சுக்கிட்டா? பந்தியில உக்கார வெச்சுட்டு எலையை எடுக்கறாப்பல இருக்குதுங்க.”

“அவளைத் தொட மாட்டனம்மிணி. ரம்பத்துக்கிட்ட ஒரு குழாய் வாய், எழைக்கற மிஷின்கிட்ட ஒரு வாய், தேய்க்கற பெஞ்சுக்கிட்ட ஒரு வாய். கெளம்பற தூளைக் கெளம்பற எடத்துலயே புடிச்சுட்டா அது எங்கயும் போகாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மில்லில் கழித்துப்போட்ட ஊதுகாற்று விசிறி ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டுகிற காதர், இரண்டாவது வீட்டுக்காரன், அதைத் தூக்கி வந்து பிரித்து, கரியைத் துடைத்து, வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற மாதிரி மறுபடி கட்டினான். கழிவு நீருக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாய்களைச் சென்னியப்பன் கூரையடியில் ஓட்டினான். மில்லில் படித்த பாடம்: காற்றுக்கு வளைவு பிடிக்காது, சட்டென்று திருப்பினால் முரண்டு பண்ணி அங்கேயே தூளைப் போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் ஒவ்வொரு திருப்பத்தையும் மாட்டு வண்டி திரும்புவது போல அகலமாகத் திருப்பினான். விசிறிக்கு முன்னால் ஒரு நீல பேரல். அதன் மேல் தகரத்தில் செய்த கூம்பு. காற்று அதில் சுழன்று இறங்கும்போது சுருளும் கனத்த தூளும் பேரலுக்குள் விழுந்துவிடும். விழாத மெல்லிய தூள் விசிறியைக் கடந்து சந்துப் பக்கம் சுவருக்கு வெளியே தொங்கும் துணிப்பைக்குள் போக வேண்டும். காற்று துணியின் வழியே வெளியேற, தூள் உள்ளே தங்கும். பிளாஸ்டிக்கில் தூள் ஓடினால் மின்சாரம் ஏறி ஒட்டிக்கொள்ளும் என்று குழாய்க்குள் செம்புக் கம்பி ஓட்டி, வெளியே உப்பும் கரியும் போட்ட குழியில் இறக்கினான். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தள்ளுபலகை. வேலை செய்கிற இடத்தின் பலகையைத் திறந்து, மற்றதை மூடிவிட்டால் இழுப்பு முழுவதும் ஒரே வாய்க்கு வரும்.

“மூலைக்குங்ணா?” என்றான் காதர். “எல்லாத் தூசியும் கடைசியா அங்கதான போயி நிக்குது. அங்க வாய் இல்லைன்னா இத்தனையும் வேஸ்ட்டு.”

சென்னியப்பனுக்கும் அது தெரியும். அரைகுறையாக ஒரு வேலையைச் செய்ய அவன் கைக்கு வராது. மூலைக்கும் ஒரு குழாய் இறக்கினான், கலாமணியின் கொண்டைக்கு ஒரு முழத்துக்கு மேலே வாய் வருகிற மாதிரி. தள்ளுபலகையை மூடினான். பிறகு பலகையில் ஓர் ஆணியை வைத்து, தலை உள்ளே புதைகிற வரைக்கும் அடித்தான்.

“ஆணி எதுக்குங்ணா?”

“காத்து லீக்காவும்.”

“லீக்குக்கு ரப்பர்தான் ஒட்டுவாங்க,” என்றான் காதர். கலாமணியைப் பார்த்தான். ஒயரைச் சுருட்டினான்.

மிஷினைப் போட்ட நாளில் லைனே வந்து நின்றது. தரையில் சுருள் இல்லை, பெஞ்சில் தூள் இல்லை, கலாமணி அசையவில்லை. மரகதம் சிரித்தாள். ஆனால் சந்துப் பக்கம் தொங்கிய பை, மில் காடாத் துணியில் பனியன் கம்பெனித் தையல்காரர் ஒருவர் தைத்துக் கொடுத்தது; ஊசி போன ஓட்டைகளின் வழியே கண்ணுக்குத் தெரியாத தூள் புகையாய் வந்துகொண்டிருந்தது. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிகள் சாயங்காலத்துக்குள் காவியாயின. ரங்கநாயகியம்மா மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“இதுல எது என்ற மாவு, எது உன்ற மாவுன்னு பிரிச்சுக் குடு சென்னியப்பா. ஊரான் மில்லுல தூசி புடிக்கச் சம்பளம் வாங்கற. சொந்த ஊட்டுத் தூசியைத் தெருவுல உடற.”

தையலின் மேல் பசை தடவிப் பார்த்தான். பசை வெடித்தது. இரட்டைத் துணி வைத்தான். விசிறி திணறியது. தரையில் விழுகிற தூள் காலைத்தான் கெடுக்கும், கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற தூள்தான் நெஞ்சைக் கெடுக்கும் என்று மில்லில் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்கிறவனே அவன்தான்.

அதைவிடப் பெரிய சங்கடம் வேறு ஒன்று. தூள் எல்லாம் குழாய்க்குள் போனதால் கலாமணிக்கு வருகிற பங்கு நின்றுபோயிற்று. ஒவ்வொரு நாளும் அவள் கொஞ்சம் மெலிந்தாள். முதலில் முழங்கையின் வேம்பு உதிர்ந்தது. பிறகு காது மடல். ஒரு மத்தியானம் அவளுடைய கன்னத்தின் வழியே பின்சுவரின் செங்கல் தெரிந்தபோது, மரகதம் சந்தைக்குப் போயிருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, சென்னியப்பன் மிஷினை நிறுத்தினான். தேக்குத் துண்டு ஒன்றை எடுத்துத் தேய்க்கிற பெஞ்சில் வைத்து அழுத்தினான். தூள் எழும்பி அவளிடம் போனது. கன்னம் மூடியது. அவன் அழுதான், மூலையைப் பார்க்காமல், தேய்த்துக்கொண்டே.

சந்தை நாளெல்லாம் அப்படி ஆயிற்று. சந்தை இல்லாத நாளிலும், மரகதம் குழாயடிக்குப் போகிற நேரம், ரேஷன் கடைக்குப் போகிற நேரம். உறிஞ்சுகிற மிஷினை வீட்டில் வைத்துக்கொண்டு, அதை நிறுத்திவைத்து, இருப்பதிலேயே மெல்லிய உப்புத்தாளால், இருப்பதிலேயே மெல்லிய தூளைத் தேய்த்து எழுப்பினான். மெல்லிய தூள்தான் அவளிடம் நன்றாக ஒட்டியது. அதுவேதான் மரகதத்திடமும் ஒட்டியது. காலையில் அவன் உள்ளங்கையில் படிகிற தூள் நாளுக்கு நாள் கனத்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டு, பைதான் சரியில்லை, பையை மாற்ற வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சந்தைக்குப் போன மரகதம் ஒருநாள் பாதி வழியில் மூச்சு முட்டித் திரும்பி வந்தாள். கொட்டகையின் காற்று மஞ்சளாய் நின்றது. மிஷின் ஓடவில்லை. கலாமணி உயிரோடிருந்த நாளில்கூட இல்லாத அளவுக்கு நிறைவாய், கன்னமும் காதும் கைவளையும்கூடத் தெளிவாய் உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் கையில் தேய்ப்புக் கட்டையோடு நின்றான். மரகதம் அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “அக்கா நல்லாயிட்டாங்க,” என்றாள். அப்படியே பையோடு சரிந்தாள். தக்காளி மூலை வரைக்கும் உருண்டது.

பெரியாஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நெஞ்சுப் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்த டாக்டரம்மா சுருக்கமாகச் சொன்னாள். “ஒண்ணு இவங்க அந்த வீட்டை விட்டுப் போகணும். இல்லைன்னா அந்தத் தூசி போகணும். அடுத்த தடவை இங்க கொண்டுவர நேரம் இருக்காது.”

மரகதம் மூடியை விலக்கினாள். “என்னையக் காங்கயத்துல அண்ணன் ஊட்டுல உட்டுருங்க மாமா. அவங்களுக்குப் போக வேறெடமில்ல. எனக்கு இருக்குது.”

அவன் வீட்டுக்கு வந்து, ஆணி பிடுங்கியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான். முக்காலி போட்டு ஏறினான். பிடுங்கியின் வாயை ஆணித் தலைமேல் வைத்தான். கீழே அவள் வகிடு தெரிந்தது. உயிரோடிருந்தபோது அவள் தலையை அவன் இவ்வளவு மேலிருந்து பார்த்ததே இல்லை. இறங்கிவிட்டான். மறுபடி ஏறினான். மறுபடி இறங்கினான். லைன் வீட்டுக்காரர்கள் வாசலில் கூடி, ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செத்தவளை இன்னொரு தடவை அனுப்பு என்று சொல்ல அவர்களுக்கும் வாய் வரவில்லை. இருக்கிறவளை அனுப்பு என்றும் வரவில்லை.

ரங்கநாயகியம்மாதான் கேட்டாள். “ஏஞ்சென்னியப்பா, ரெண்டாங் கண்ணாலத்துக்கு முன்ன இவளுக்குச் சேலை வெச்சயா?”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“பூவோடயும் பொட்டோடயும் போனவளுக்கு, அடுத்தவ வர்றதுக்கு முன்ன புதுச்சேலை வெச்சுக் கும்பிடோணுமல்லோ. நீ எங்க வெச்சிருப்ப. ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டுப் பொழுதோட ஷிப்டுக்குப் போன ஆளு.”

கூட்டத்தில் எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். வெறுங்கை தள்ளியது, வெறுங்கை வாங்கியது, கால் மிதித்தது. அத்தனை நாள் பார்த்தும் தோன்றாதது அப்போதுதான் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. தையல்காரி வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தரும் அவளுக்குத் துணி கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மரகதத்திடம் காதரின் பெண்டாட்டி அதைச் சொன்னாள். காங்கயத்துக்குத் துணிமணி கட்டிக்கொண்டிருந்த மரகதம் மூட்டையை மறுபடி அவிழ்த்தாள். அடியில், அவள் அண்ணன் சீராகக் கொடுத்து இன்னும் மடிப்புக் கலையாத நெகமம் பருத்திச் சேலை ஒன்று இருந்தது. அரக்கு நிறம், நெருக்கமான நெசவு, தண்ணீரை ஊற்றினால் யோசித்துத்தான் இறங்கும். வாயையும் மூக்கையும் ஈரத்துண்டால் கட்டிக்கொண்டு, மஞ்சளும் வெற்றிலையும் பூவும் மேலே வைத்து, அதைக் கொண்டுபோய்க் கலாமணியின் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்தாள்.

“நேரத்துக்கு வெக்காம உட்டுட்டமுங்கக்கா. மனசுல வெச்சுக்காதீங்க. கட்டிக்கிட்டாலும் சரி, உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி.” கும்பிட்டாள். “விடிஞ்சதும் நான் ஊருக்குப் போறன். ஊட்டை நீங்க பாத்துக்கங்க.”

சென்னியப்பன் அன்று ஷிப்டுக்குப் போனான். போவதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. காலையில் வந்தபோது லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொட்டகை வாசலில் இருந்தார்கள். காதர் ஒதுங்கி வழிவிட்டான்.

சேலையைக் கலாமணி கட்டிக்கொள்ளவில்லை. அது பையாகியிருந்தது. ஆள் உயரத்துக்கு நீளமான பை, ஒரு முனை மூடி, மறுமுனையில் கயிறு கோக்க மடிப்பு வைத்து, ஓரங்களை உள்ளே திருப்பித் தைத்து, தைத்ததன்மேல் இன்னொரு மடிப்பை ஏற்றித் தைத்து. சென்னியப்பன் தையலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஓர் ஓட்டை தெரியவில்லை. தையல் முடிகிற இடத்தில் முன்னும் பின்னும் ஓடிய கெட்டித் தையல், அதன் நுனியில் வெட்டாமல் விட்ட துளி நூல் சுருள். அந்தச் சுருளை விடாதே, கம்பெனியில் பீஸைத் தள்ளிவிடுவான் என்று எத்தனையோ தடவை அவளைத் திட்டியிருக்கிறான்.

கலாமணியின் கைகள் மடியில் இருந்தன. கால் நின்றிருந்தது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் கழுத்து நிமிர்ந்திருந்தது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, கம்பெனி வண்டி வருவதற்காகக் காத்திருக்கிறபோது அவள் உட்காருகிற உட்கார்வு அது.

காதர் பழைய காடாப் பையைக் கழற்றினான். இருவருமாகச் சந்துப் பக்கம் அரக்குப் பையை விசிறியின் வாயில் மாட்டிக் கயிற்றை இறுக்கினார்கள். சென்னியப்பன் முக்காலியில் ஏறினான். ஆணி ஒரே இழுப்பில் வந்தது, வெண்ணெயில் அடித்தது போல.

“பலகையை நான் தெறக்கறனுங்க,” என்றாள் மரகதம், துண்டுக்குள்ளிருந்து. “நான் வெச்ச சேலை.”

அவள் பலகையைத் தள்ளினாள். அவன் ஸ்விட்சைப் போட்டான்.

இழுப்பு பலமாகத்தான் இருந்தது. ஆனால் கலாமணி அடித்துக்கொண்டு போகவில்லை. முதலில் அவளிடம் இரவல் இருந்தவை போயின: தோளின் தேக்கு, முழங்கையின் வேம்பு, கன்னத்தின் பூவரசு, திருட்டுத்தனமாக ஊட்டிய அத்தனை தூளும், நிறம் நிறமாய், வரிசை வரிசையாய். கடைசியில் அந்த மேசைப் பலகையின் பழைய தூள் மட்டும் மிச்சமாகி, வந்த நாளில் இருந்த அதே மெலிந்த கலாமணியாக அவள் இருந்தாள். பக்கவாட்டில் குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுப்பது போல ஓர் அசைவு. பிறகு எழுந்தாள். எழுந்தது எழுந்தபடியே, தலை, தோள், இடுப்பு, பாதம் என்று, வாசல் உயரம் குறைந்த வீட்டுக்குள் குனிந்து நுழைகிறவளைப் போலக் குழாய்க்குள் போனாள். போகும்போது இரண்டு பேரில் யாரைப் பார்த்தாள் என்பதில் லைனில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

சந்தில் அரக்குப் பை மெல்ல நிரம்பி நிமிர்ந்து நின்றது. துணியின் வழியே காற்று மட்டும் வந்தது. காற்றில் கை வைத்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. ரங்கநாயகியம்மா வீட்டுக்குள் போய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, பையின் மேல்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

மரகதத்தின் மூட்டை அன்றைக்குப் பிரித்தது பிரித்தபடியே கிடந்தது. அதைக் கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளும் கட்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் மூக்கைக் கட்டிக்கொண்டு சந்துக்குப் போய், படிந்த தூள் உதிரும்படி பையைத் தட்டுவாள், சளிப் பிடித்த ஆளின் முதுகைத் தட்டுவது போல. “எறங்குங்கக்கா,” என்பாள். விழுந்ததை வாரி, குழாயடி ஓரத்து முருங்கைக்கு வைப்பாள். மிஷின் ஓடினால் பை நிமிரும், நின்றால் தளரும். துணி காயப்போட வருகிறவர்கள் இடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். சென்னியப்பன் கேட்டவர்களுக்கு மட்டும், கேட்டதை மட்டும் செய்தான். மூலையில் எதையும் வைக்கவில்லை.

ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான். வீட்டில் சத்தமில்லை. மாதக்கணக்காய், கதவைத் திறந்ததும் அவனை வரவேற்கிற அந்த விசில், மரகதத்தின் நெஞ்சிலிருந்து வருகிற அந்த இழுப்புச் சத்தம், இல்லை. அவள் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அசைவில்லை. டீ வைக்கிற பாத்திரம் அடுப்படியில் கவிழ்த்தபடி இருந்தது. அவன் கட்டிலுக்குப் போனான். குனிந்து, கையை அவள் மூக்குக்கு நேரே வைத்தான்.

பட்டது. இளஞ்சூடாய், நிதானமாய், ஒன்று. பிறகு இன்னொன்று.

கையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினான். சுத்தமாக இருந்தது. ரேகைகள் கழுவி வைத்தது போலத் தெளிவாக இருந்தன. அதைத்தான் அவன் வேண்டிக்கொண்டிருந்தான். ஆனாலும் வெகுநேரம் அங்கேயே நின்று, கட்டை விரலால் உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான், எங்காவது ஒரு மடிப்பில், ஒரே ஒரு பொட்டுத் தூள் இருந்துவிடாதா என்று.